வாட்ஸ் பார்த்து வாங்குகிறோம், ஒயரைப் பார்க்கிறோமா?

கேஸ் சிலிண்டர் விலை ஏற ஏற, சமையல் மேடையில் மின்சாதனங்கள் கூடிக்கொண்டே போகின்றன. வெந்நீருக்குக் கெட்டில், சாதத்துக்கு ரைஸ் குக்கர், காலை அவசரத்துக்கு இண்டக்‌ஷன் அடுப்பு. வெளியூரில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு இவைதான் மொத்தச் சமையலறையும். நேரம் மிச்சம், செலவு மிச்சம், புகையும் இல்லை. இவற்றை நான் குறை சொல்ல வரவில்லை. அளவான வீட்டுக்கு அளவான சாதனம் நல்லதுதான்.

ஆனால் தீக்காயப் பிரிவில் வேலை செய்யும் எனக்கு இன்னொரு பக்கமும் தெரிகிறது. மண்ணெண்ணெய் ஸ்டவ் வெடித்து வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். இப்போது வருவது கெட்டிலை இழுத்துக் கவிழ்த்துக்கொண்ட குழந்தை, குக்கர் மூடியை வலுக்கட்டாயமாகத் திறந்த பெண், சூடான தக்காளியை மிக்ஸியில் அடித்து முகம் வெந்தவர், ஈரக் கையோடு பிளக்கைத் தொட்ட இளைஞர். இவற்றில் பெரும்பாலானவை நடந்திருக்கவே வேண்டாதவை. நடந்த பிறகும் முதல் அரை மணி நேரத்தில் செய்ய வேண்டியதைச் செய்திருந்தால் பாதி வேதனை குறைந்திருக்கும்.

மூன்றாம் நாள் வருகிறார்கள்

இரண்டு வயதுக் குழந்தை. மேடை விளிம்பில் தொங்கிய கெட்டில் ஒயரைப் பிடித்து இழுத்ததில், டீக்குக் கொதித்த தண்ணீர் தோளிலும் மார்பிலும் கொட்டிவிட்டது. அம்மா பதறிப்போய் டூத் பேஸ்ட் தடவியிருக்கிறார். பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று அதன் மேல் இட்லி மாவு. மூன்றாம் நாள் காய்ச்சல் அடிக்கவும் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறார்கள். மாவு காய்ந்து தோலோடு ஒட்டிக் கிடக்கிறது. குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்துத்தான் அதைக் கழுவி எடுக்க முடிகிறது. அடியில் சீழ். காயம் எவ்வளவு ஆழம் என்று அப்போதுதான் பார்க்கவே முடிகிறது.

“உடனே ஏன் தண்ணீர் ஊற்றவில்லை?” என்று கேட்டால், “தண்ணி பட்டா கொப்புளம் போட்டுரும்னு சொன்னாங்க டாக்டர்” என்கிறார்கள். படித்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். இந்த ஒரு நம்பிக்கை எங்கள் வார்டில் ஏற்படுத்தும் சேதத்தைச் சொல்லி மாளாது.

மாவும் வேண்டாம், மையும் வேண்டாம்

தண்ணீர் பட்டதால் கொப்புளம் வருவதில்லை. சூடு பட்டதால் வருகிறது. அடுப்பை விட்டு விலகிய பிறகும் அந்தச் சூடு தோலுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்த ஒரே வழி, குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவது. ஐந்து நிமிடம் போதாது, முழுதாக 20 நிமிடம். உடனே செய்ய முடியாமல் போனாலும், காயம்பட்ட மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. வளையல், மோதிரம், கடிகாரத்தை உடனே கழற்றிவிடுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது. குழந்தையாக இருந்தால் காயத்தின் மேல் மட்டும் தண்ணீர் விட்டு, மற்ற இடங்களைப் போர்த்திவிடுங்கள், உடம்பு குளிர்ந்துவிடக் கூடாது.

ஐஸ் கட்டி வைத்தால் எரிச்சல் அடங்குவது போலிருக்கும். ஆனால் ஏற்கெனவே வெந்த தோலுக்கு ரத்த ஓட்டம் குறைந்து காயம் இன்னும் ஆழமாகும். எண்ணெயும் நெய்யும் டூத் பேஸ்டும் சூட்டை உள்ளேயே அடைத்து வைக்கும். மாவும் முட்டை வெள்ளைக்கருவும் கிருமிக்குத் தீனி. பேனா மையும் மஞ்சளும் சாயம் ஏற்றிவிடுவதால், காயத்தின் நிறத்தைப் பார்த்து ஆழத்தைக் கணிக்க எங்களால் முடியாமல் போகிறது. கொப்புளத்தை ஊசியால் குத்தி உடைப்பவர்கள், உடம்பு தானாகப் போட்டுக்கொண்ட கட்டைப் பிரித்து எறிகிறார்கள்.

இன்னொன்று, மருந்துக் கடை வைத்தியம். “சுட்டுக்கிச்சு, ஒரு களிம்பும் நாலு மாத்திரையும் குடுங்க” என்று வாங்கி, வீட்டிலேயே ஒரு வாரம் ஓட்டுகிறார்கள். காயத்தைப் பார்க்காமலேயே கொடுக்கப்படும் ஆன்டிபயாடிக் அது. ஆழமான காயம் எந்தக் களிம்புக்கும் தானாக மூடாது. தோல் ஒட்ட வேண்டிய நேரத்தில் ஒட்டாவிட்டால் விரல்கள் உள்ளே மடங்கி இறுகிவிடும், கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். ஒரு களிம்பை நம்பி விட்ட ஒரு வாரத்துக்காகப் பல அறுவைச் சிகிச்சைகள் செய்ய வேண்டியிருக்கிறது.

காயம் உள்ளங்கை அளவைவிடப் பெரிதாக இருந்தாலும், முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பில் இருந்தாலும், மின்சாரத்தால் வந்திருந்தாலும், குழந்தையாகவோ முதியவராகவோ இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்கு வாருங்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடினால் போதும்.

சாதனங்கள் பற்றிய தவறான நம்பிக்கைகள்

“வாட்ஸ் குறைந்தால் கரண்ட் பில் குறையும்.” கடைகளில் அதிகம் கேட்பது இதைத்தான். 500 வாட்ஸ் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினாலும் அரை யூனிட், 1,500 வாட்ஸ் சாதனம் 20 நிமிடம் ஓடினாலும் அதே அரை யூனிட். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க எந்தக் கெட்டிலுக்கும் ஏறக்குறைய 0.1 யூனிட் ஆகும். மிச்சம் பிடிக்க வேண்டுமானால் வீட்டில் இருப்பவர்களுக்கு ஏற்ற அளவில் வாங்குங்கள், தேவையான தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள், மூடி வைத்துச் சமையுங்கள். வாட்ஸ் குறைவு என்று பெயர் தெரியாத மலிவுச் சாதனத்தை வாங்குவதில் மிச்சம் எதுவும் இல்லை.

“இண்டக்‌ஷனும் மைக்ரோவேவும் கதிர்வீச்சால் புற்றுநோய் தரும்.” தராது. இவற்றின் அலைகளுக்கு மரபணுவைச் சிதைக்கும் ஆற்றல் கிடையாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மட்டும் எரியும் இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து 60 சென்டிமீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். மற்றவர்கள் பயப்பட வேண்டியது வேறு: அணைத்த பிறகும் கண்ணாடித் தட்டு சுடும். நீரிழிவால் கையில் உணர்வு மரத்துப்போனவர்கள் அந்தச் சூட்டை உணராமலே வெந்துகொண்டு வருகிறார்கள்.

“கெட்டில் தானாக அணைந்துவிடும்.” மூடி மூடியிருந்தால் அணையும். பெரும்பாலான கெட்டில்களில் கொதிக்கும் ஆவி பட்டுத்தான் அந்த ஸ்விட்ச் விழுகிறது. மூடியைத் திறந்து போட்டு நூடுல்ஸும் முட்டையும் வேகவைத்தால் ஆவி வெளியே போய்விடும், கெட்டில் கொதித்துக்கொண்டே இருக்கும். பால் காய்ச்சினாலோ பொங்கி ஒயர் வரை வழியும். அறைகளில் தங்கியிருக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

“ரைஸ் குக்கரில் இருக்கிற சோறு கெடாது.” ‘வார்ம்’ நிலையில் 60 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் கெடாது. இரவு ஸ்விட்சை அணைத்துவிட்டு, வெதுவெதுப்பான சோற்றை மூடியோடு விட்டுவைத்தால் நிலைமை வேறு. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. அந்த வெதுவெதுப்பில் பெருகி நச்சை உண்டாக்கும். காலையில் மறுபடி சுடவைத்தாலும் வாந்தி தரும் அந்த நச்சு போகாது. மீந்த சோற்றை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

“எம்சிபி போட்டிருக்கிறோம், ஷாக் அடிக்காது.” எம்சிபி ஒயரைக் காக்கும், உங்களைக் காக்காது. மனித உடம்பில் மின்சாரம் கசிவதைக் கண்டு கண நேரத்தில் துண்டிப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. எலெக்ட்ரீஷியனிடம் அதைப் பெயர் சொல்லிக் கேட்டுப் போடுங்கள்.

கடையில் நிற்கும்போது

ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு பிரஷர் குக்கருக்கு 2021 பிப்ரவரி 1 முதல் இந்த முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாத குக்கரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். உலோக உடல் கொண்ட சாதனத்துக்கு மூன்று முள் பிளக் வேண்டும். பெரிய முள்தான் எர்த். அது நம் வீட்டு பாயிண்டில் நுழையவில்லை என்று வெட்டி எறிந்துவிட்ட பிளக்கைக் கொண்டுவந்து காட்டியவர்கள் உண்டு. அந்த வீட்டில் ஷாக் அடித்தவர் உயிரோடு இருந்தது அதிர்ஷ்டம். சின்ன பாயிண்ட் 6 ஆம்ப்ஸ்தான் தாங்கும், அதாவது சுமார் 1,380 வாட்ஸ். 1,500 வாட்ஸ் கெட்டிலையும் 2,000 வாட்ஸ் இண்டக்‌ஷனையும் 16 ஆம்ப்ஸ் பவர் பாயிண்டில் மட்டும் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் ஒயர் உருகும்.

கெட்டிலுக்கு ஒயர் குட்டையாக இருப்பது நல்லது. மூடி பூட்டிக்கொள்ள வேண்டும், கவிழ்ந்தாலும் தண்ணீர் சட்டென்று கொட்டக் கூடாது. மிக்ஸி என்றால், ஜாரும் மூடியும் சரியாகப் பொருந்தாமல் ஓடாத மாடலைக் கேட்டு வாங்குங்கள்.

ஷாக் அடித்தால்

முதலில் மெயினை அணையுங்கள். அணைக்காமல் அவரைத் தொட்டால் இரண்டு பேரை ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டியிருக்கும். மூச்சு இல்லையென்றால் 108-ஐ அழைத்துவிட்டு, மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருங்கள். வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள். “அடிச்சு விட்டுடுச்சு, இப்ப ஒண்ணும் இல்ல” என்று வீட்டிலேயே இருந்துவிடவும் வேண்டாம். விரலில் ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே தசை வெந்திருக்கும். சிறுநீர் கறுத்துப்போனால் சிறுநீரகம் ஆபத்தில் இருக்கிறது என்று பொருள்.

அதனால் வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். உள்ளே சேதம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இசிஜி, ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனைகள் போதும்.

தயவுசெய்து

கெட்டிலையும் இண்டக்‌ஷனையும் மேடையின் உள்பக்கச் சுவரை ஒட்டி வையுங்கள். ஒயர் ஒரு சாண்கூடக் கீழே தொங்க வேண்டாம். 60 டிகிரி தண்ணீர் ஐந்து நொடியில் பெரியவர்களின் தோலையே ஆழமாக வேகவைத்துவிடும். குழந்தையின் தோலுக்கு அந்த ஐந்து நொடிகூட வேண்டாம். நீங்கள் கொதிக்க வைப்பது 100 டிகிரி. இடுப்பில் குழந்தையோடு டீ வடிகட்டாதீர்கள் அம்மா, குழந்தையை ஒரு நிமிடம் தரையில் அழவிடுங்கள், பரவாயில்லை.

குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், பருப்புக்குப் பாதி போதும். விசில் வரும் துளையை ஒவ்வொரு நாளும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விசில் வராவிட்டால் அடுப்பை அணைத்துவிட்டு ஆறும்வரை காத்திருங்கள். சாப்பாடு பத்து நிமிடம் தாமதமானால் வீட்டில் யாரும் கோபித்துக்கொள்ள உரிமை இல்லை. சூடான எதையும் மிக்ஸியில் அடிக்காதீர்கள். பிளேடில் கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். வெந்நீர் ராடு போட்ட பக்கெட்டில் ஸ்விட்சை அணைக்காமல் சூடு பார்க்க விரலை விடாதீர்கள்.

இவ்வளவும் செய்ய ஒரு ரூபாய் செலவில்லை. ஆர்சிசிபி போட மட்டும் கொஞ்சம் பணம் ஆகும். புதிய சாதனத்துக்கு என்று எடுத்துவைத்த பணத்தில் முதல் செலவு அதற்காக இருக்கட்டும். இந்த வாரமே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அடுத்த முறை யாருக்காவது சூடு பட்டால், யார் என்ன சொன்னாலும் கேட்காமல் குழாயைத் திறந்து 20 நிமிடம் காட்டிவிட்டு எங்களிடம் வாருங்கள். காயத்தைச் சுத்தமாக எங்கள் கையில் கொடுங்கள், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.