நாளையை அறியாதவரின் அமைதி

'வானம் பார்த்த பூமி' என்ற சொல்லின் முழுப் பொருளை உணர, ராமநாதபுரம் மாவட்டத்தின் கமுதி வட்டாரத்துக்கு ஐப்பசி மாதத்தில் வர வேண்டும். நெல்லும் மிளகாயும் விதைக்கப்பட்டிருக்கும். குண்டாற்றில் மணல் மட்டுமே தெரியும். வடகிழக்குப் பருவமழை பெய்தால்தான் கண்மாய் நிறையும். கண்மாய் நிறைந்தால்தான் கடன் அடையும்.

இதே மாவட்டத்தின் கடற்கரையிலும் நிலைமை வேறல்ல. ராமேசுவரத்திலிருந்தும் பாம்பனிலிருந்தும் கடலுக்குச் செல்பவர் வலை நிறையத் திரும்புவாரா, இலங்கைக் கடற்படையிடம் சிக்குவாரா என்பது வீட்டில் காத்திருப்போருக்குத் தெரியாது. போட்டித் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் இளைஞரின் கவலையும் இத்தகையதே.

எதிர்காலம் குறித்த இந்த அச்சத்தைப் பொருளாதார அறிஞர் ஃபிராங்க் நைட் 1921-இல் வெளியிட்ட நூலில் இரண்டாகப் பகுத்தார். நிகழ்தகவைக் கணக்கிடக் கூடியது இடர். எந்தக் கணக்குக்கும் அடங்காதது நிச்சயமின்மை. இடருக்குக் காப்பீடு உண்டு. 2016-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், காப்பீட்டுத் தொகையில் விவசாயி செலுத்த வேண்டிய பங்கு காரீஃப் உணவுப் பயிர்களுக்கு 2 சதவீதம், ராபி உணவுப் பயிர்களுக்கு 1.5 சதவீதம், ஆண்டு வணிகப் பயிர்களுக்கும் தோட்டக்கலைப் பயிர்களுக்கும் 5 சதவீதம் வரை என வரையறுக்கப்பட்டது. ஆனால், பிள்ளைகளின் வாழ்வு எப்படி அமையும், நோய் எப்போது வரும் என்பவற்றுக்கு இத்தகைய கணக்கு கிடையாது. மனிதன் உறக்கமின்றித் தவிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையால்தான்.

சமயத்தை நாடி மனிதர் வருவதும் இந்த இடத்தில்தான். கிறிஸ்தவ நம்பிக்கை இங்கு என்ன தருகிறது என்பதில் தவறான புரிதல்கள் உண்டு. நம்பினால் மழை பெய்யும், வேலை கிடைக்கும், நோய் விலகும் என்று அதை ஓர் உத்தரவாதப் பத்திரமாகக் காட்டும் போதனைகளை இன்று பரவலாகக் கேட்கிறோம். நினைத்தது நடக்காதபோது, 'உன் நம்பிக்கை போதவில்லை' என்ற பழியும் துன்பப்படுபவர் மீதே விழுகிறது. இழப்போடு குற்ற உணர்வையும் சுமக்க வைக்கும் போதனை எவருக்கும் அமைதியைத் தராது.

விவிலியம் காட்டும் வழி வேறு. மலைப்பொழிவில் வானத்துப் பறவைகளையும் காட்டு மலர்களையும் சுட்டிக்காட்டும் இயேசு, நாளையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்கிறார். ஆனால், நாளை துன்பமே வராது என்று அவர் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளுக்கும் அதற்குரிய துன்பம் உண்டு என்பதையும் அங்கேயே ஒப்புக்கொள்கிறார். பறவைகளும் சோம்பிக் கிடப்பதில்லை. விடியும் முன்பே இரை தேடிப் புறப்படுகின்றன. அவர் கற்றுத்தந்த செபத்தில் கேட்கப்படுவது அன்றாட உணவு. ஆண்டு முழுமைக்குமான கையிருப்பு அன்று. கைது செய்யப்படும் முன்பு கெத்சமனித் தோட்டத்தில் அவரே கலங்கினார். துன்பம் தம்மை விட்டு நீங்க வேண்டும் என மன்றாடிய பிறகே தந்தையின் விருப்பத்துக்குத் தம்மை ஒப்படைத்தார். எனவே, அஞ்சுவது நம்பிக்கைக் குறைவு ஆகாது.

இந்த அமைதிக்கான சான்று நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. லிஸ்பன் நகரில் 1647-இல் பிறந்த இயேசு சபைத் துறவி ஜான் டி பிரிட்டோ, தமிழகத்தில் அருளானந்தர் எனப் பெயர் பெற்றவர். மறவர் சீமையில் 1686-இல் சிறைப்பட்டுச் சித்திரவதைக்கு உள்ளாகி விடுவிக்கப்பட்டார். பின்னர் போர்ச்சுகல் சென்றபோது அங்கேயே தங்கிவிட அவருக்கு வாய்ப்பிருந்தது. ஆபத்தை நன்கு அறிந்தும் அவர் மறவர் சீமைக்கே திரும்பினார்.

தடியத்தேவர் கிறிஸ்தவம் தழுவியபோது, ஒரு மனைவியுடன் மட்டும் வாழ முடிவு செய்து மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். அரச குடும்பத்தின் கௌரவம் சம்பந்தப்பட்ட அந்தச் சிக்கலில் அருளானந்தர் மீண்டும் சிறைப்பட்டு, ஓரியூருக்கு அனுப்பப்பட்டார். அங்கு 1693 பிப்ரவரி 4-இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 1947-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதராக அறிவித்தார். ஓரியூரின் செம்மண்ணைத் தேடி இன்றும் பல சமயத்தாரும் வருகின்றனர்.

மரணத்துக்கு முன் சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதம் நமக்குக் கிடைத்துள்ளது. தம்மைக் காப்பாற்றுமாறு அவர் அதில் கெஞ்சவில்லை. வரப்போகும் மரணத்தை எதிர்நோக்கியிருப்பதாகத் தெளிந்த மனத்துடன் எழுதினார். நம்பிக்கை அவரை வாளிலிருந்து காப்பாற்றவில்லை. ஆனால், அச்சம் அவருடைய முடிவுகளை எடுக்க அது விடவில்லை. கிறிஸ்தவம் கூறும் அமைதியின் உட்பொருள் இதுவே: நாளை என்ன நடக்கும் என்பது தெரியாமலேயே, யார் கையில் தன்னை ஒப்படைத்திருக்கிறோம் என்ற தெளிவோடு இன்றைய கடமையைச் செய்வது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. அமைதியைக் காட்டி, பாதிக்கப்பட்டவர்களை மௌனமாக்கக் கூடாது. கண்மாயைத் தூர்வாருங்கள் என்று கேட்பதும், காப்பீட்டுத் தொகையைக் காலத்தில் வழங்குங்கள் என்று வலியுறுத்துவதும், சிறைப்பட்ட மீனவரை மீட்கக் கோருவதும் நம்பிக்கைக்கு எதிரானவை அல்ல. பிறர் பசியைப் போக்குவதையும் சிறையில் இருப்பவரைச் சந்திப்பதையும் இறுதித் தீர்ப்பின் அளவுகோலாக வைத்த மறை அது. கணக்கிடக் கூடிய இடரை அரசும் சமூகமும் பகிர்ந்துகொள்ள வேண்டும். கணக்குக்கு அடங்காததை எதிர்கொள்ளவே ஆன்மிகம் துணை வர வேண்டும்.

நடைமுறையில் இந்த அமைதி ஒரே நாளில் வாய்ப்பதில்லை. அச்சத்தை மறைக்காமல் சொல்லும் அன்றாட செபம், வாரந்தோறும் கூடும் வழிபாட்டில் பிறர் சுமையைக் கேட்டறிவது, துயருற்ற வீட்டுக்குச் சென்று அமர்வது ஆகிய பழக்கங்களால் அது மெல்ல வளர்கிறது. தனியாகச் சுமக்கும் நாளை மலையளவு கனக்கும். பலர் தோள் கொடுக்கும்போது அதே சுமையுடன் நடக்க முடிகிறது.

மழை எப்போது வரும் என்று நம் விவசாயிக்குத் தெரியாது. ஆனாலும், அவர் விதைக்கிறார். வரப்பைச் சரிசெய்கிறார். அடுத்த காட்டுக்காரரின் கண்ணீருக்குச் செவிகொடுக்கிறார். அறியாத நாளையை இறைவனிடம் விட்டுவிட்டு, அறிந்த இன்றைப் பொறுப்போடு வாழும் மனம் எவருக்கு வாய்க்கிறதோ, அவரே அமைதி பெற்றவர்.