ஸ்கிரீனில் அழகு, அச்சில் சொதப்பல்: கிராஃபிக் டிசைன் கற்கும் மாணவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள்?

கிராஃபிக் டிசைன் கற்கத் தொடங்கும் கல்லூரி மாணவிக்கு வரும் முதல் வேலை பெரும்பாலும் சம்பளம் இல்லாத வேலைதான். சித்தப்பா வீட்டுக் காதுகுத்து அழைப்பிதழ், டிபார்ட்மென்ட் சிம்போசியம் போஸ்டர், தெருமுனை ஜூஸ் கடை மெனு. “நீதான் டிசைன் படிக்கிறியே, அரை மணி நேர வேலைதானே” என்பார்கள். யூடியூபில் பார்த்துக் கற்றதெல்லாம் அங்கேதான் சோதனைக்கு வரும். முதலில் காலை வாருவது தமிழ் எழுத்து.

ஃபோட்டோஷாப்பில் ‘கொ’ என்று தட்டினால், கொம்பு ‘க’வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். ‘கு’ இரண்டு துண்டாகத் தெரியும். ஃபான்ட் சரியில்லை என்று நினைத்துப் பத்து ஃபான்ட் டவுன்லோடு செய்பவர்கள் உண்டு. கோளாறு ஃபான்டில் இல்லை. யூனிகோடில் எழுத்தும் அதன் குறியும் தனித்தனியாகவே பதிவாகின்றன. அவற்றைச் சேர்த்துக் காட்டுவது மென்பொருளின் வேலை. அந்த வசதி ஆஃப் ஆகியிருந்தால் எழுத்து சிதறும். ஃபோட்டோஷாப்பில் பிரிஃபரன்ஸஸ் போய், ‘டைப்’ பகுதியில் ‘மிடில் ஈஸ்டர்ன் அண்டு சவுத் ஏசியன்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிய பதிப்புகளில் இது ‘வேர்ல்டு ரெடி லேஅவுட்’ என்று இருக்கும். இன்டிசைனில் ‘வேர்ல்டு ரெடி பாரகிராஃப் கம்போசர்’.

இது தெரியாதவர்கள் பாமினி போன்ற பழைய ஃபான்ட்களுக்குப் போய்விடுகிறார்கள். அவற்றில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கும். திரையில் கச்சிதமாகத் தெரியும். ஆனால் அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்தால் மணமகன் பெயரே புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழ் இடம்பெற்றுவிட்டது. தமிழக அரசும் 2010இல் அதை ஏற்றுக்கொண்டது. இப்போது புதிதாகக் கற்பவர் பழைய ஃபான்டில் தொடங்குவதற்குக் காரணமே இல்லை. கட்டமரன், முக்த மலர், ஹிந்த் மதுரை, பவனம் போன்றவை கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். காசு வாங்கிச் செய்யும் வேலைக்கும் பயன்படுத்தலாம்.

பாடங்கள் பெரும்பாலும் ஆங்கில உதாரணங்களோடு வருவதால் இன்னொரு சிக்கல். ‘தலைப்பை கேப்பிடலில் போடு’ என்பார்கள். தமிழில் கேப்பிடலே கிடையாது. அழுத்தத்தை அளவிலும் தடிமனிலும்தான் காட்ட முடியும். ‘கீ’யின் சுழி மேலே போகும், ‘ஞ’வின் வால் கீழே இறங்கும். மென்பொருள் தானாக வைக்கும் வரி இடைவெளி எழுத்தளவில் 120 சதவீதம். தமிழுக்கு அது நெருக்கடி. 140, 150 வரை ஏற்றிப் பார்த்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும். ‘சிறப்பு விருந்தினர்கள்’ ஒரே வரியில் அடங்கவில்லை என்று எழுத்தை நசுக்குவதுதான் ரொம்பக் கொடுமை. இரண்டு வரியாகப் பிரித்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுக்கும் முறைக்கு ராபின் வில்லியம்ஸ் (நடிகர் இல்லை, டிசைன் எழுத்தாளர்) 1994இல் வெளியான தன் புத்தகத்தில் சொன்ன நான்கு விதிகளே இன்றும் பால பாடம்: வேறுபடுத்து, திரும்பப் பயன்படுத்து, நேர்க்கோட்டில் வை, தொடர்புள்ளதை அருகருகே வை. நம் ஊரில் அதிகம் மீறப்படுவது கடைசி விதி. தேதி மேல் மூலையில், முகூர்த்த நேரம் நடுவில், மண்டபம் அடியில். நடுவே பதினாறு தாய்மாமன்களின் போட்டோ. வருபவர் மூன்று இடத்தில் தேட வேண்டியிருக்கிறது.

உண்மையில் காசு போகும் இடம் அச்சகம். ஃபோன் திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு இயந்திரம் சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையால் அச்சடிக்கிறது. திரையில் மின்னும் கிளிப்பச்சையும் பளீர் நீலமும் அந்த நான்கு மையில் கிடைப்பதில்லை, மங்கித்தான் வரும். அதனால் அச்சு வேலையை ‘சிஎம்ஒய்கே’ முறையில் வைத்தே நிறம் பார்க்க வேண்டும்.

அடுத்தது அளவு. கையில் வைத்துப் படிப்பவற்றுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்பது வழக்கம். அந்தக் கணக்கில் ஏ4 தாளுக்கு 2480க்கு 3508 பிக்சல் தேவை. இன்ஸ்டாகிராமுக்காக 1080க்கு 1080இல் செய்த படம் சுமார் 9 சென்டிமீட்டர் சதுரத்துக்குத்தான் தாங்கும். அதை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் இன்னும் சுருங்கும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும். தாளை வெட்டும்போது கத்தி ஒரு நூல் தள்ளிப்போனாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். அதற்காக நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாகப் பின்னணியை நீட்டி வைப்பதற்கு ‘ப்ளீட்’ என்று பெயர்.

மென்பொருள் வாங்கக் காசு இல்லையே என்பவர்களுக்கு இங்க்ஸ்கேப், கிம்ப், க்ரிட்டா மூன்றும் இலவசம். கேன்வா வேகமாக வேலையை முடித்துத் தரும். ஆனால் டெம்ப்ளேட்டை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் கை பழகாது. கறுப்பு வெள்ளை, ஒரே ஃபான்ட், இரண்டே அளவு என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டு, பக்கத்துத் தெரு மருந்துக் கடையின் போர்டை மறுபடி வடிவமைத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி.

ஆயிரம் பிரதி ஓடுவதற்கு முன் அச்சகம் ஒரு ப்ரூஃப் தரும். அதை டிசைன் செய்தவரே படித்தால் பிழை கண்ணில் படாது, மனசு தானாகத் திருத்திக்கொள்ளும். வீட்டில் வேறொருவரை உரக்கப் படிக்கச் சொல்லி, தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று காலண்டரில் பார்த்துவிட்டு ஓகே சொல்ல வேண்டும். அதன் பிறகு பிழை தெரிந்தால், “நீங்க ஓகே பண்ணின ஃபைல்தாங்க” என்றுதான் பதில் வரும். மறு அச்சுக்கான பில் டிசைனர் தலையில்.