எண்டைவா, சிக்கரியா?

தோஹாவில் நஜ்மாப் பக்கம் குடிவந்த புதிதில், மரக்கறிக் கடையொன்றில் சுருள் சுருளாக ஒரு கீரையைக் கண்டேன். அட்டையில் ‘எண்டைவ்’ என்றிருந்தது. எங்கள் முளைக்கீரை மாதிரித்தானே என்று தேங்காய்ப்பால் விட்டுக் கடைந்து வைத்தேன். பிள்ளைகள் ஒரு வாயோடு எழும்பிவிட்டார்கள். அவ்வளவு கசப்பு! அடுத்த கிழமை வேறொரு கடையில் அதே பெயரைக் கேட்டேன். வாழைப்பொத்தியைச் சிறிதாக்கியது போன்ற வெள்ளை மொட்டொன்றைத் தந்தார்கள்.

கடைக்காரரில் பிழையில்லை. அந்த வெள்ளை மொட்டை அமெரிக்கர் எண்டைவ் என்பர். பிரித்தானியர் சிக்கரி என்பர். பிரெஞ்சுக்காரரோ சுருள் கீரையைத்தான் சிக்கரி என்று அழைக்கிறார்கள். வளைகுடாவுக்குப் பல நாட்டு மரக்கறியும் வருவதால், அட்டையை விட்டு இலையைப் பார்ப்பதே புத்தி.

இரண்டும் சூரியகாந்திக் குடும்பத்தில் ஒரே சாதிச் செடிகள். எண்டைவ் ஓரிரு ஆண்டில் பூத்து முடிந்துவிடும். சிக்கரி பல்லாண்டு நிற்கும். சுருள் இலையும், எஸ்கரோல் எனப்படும் அகன்ற இலையும் எண்டைவ். வெள்ளை மொட்டு, செந்நிற ரடிச்சியோ, பல்லுப் பல்லான நீள இலை ஆகியவை சிக்கரி. வெள்ளை மொட்டு 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தில் தோன்றியது. சிக்கரி வேரை இருட்டில் வைத்து முளைக்கவிடுவார்கள். வெளிச்சம் படாததால் நிறமும் குறைவு, கசப்பும் குறைவு. எண்டைவின் நடு இலை வெளிறியிருப்பதும் இதனால்தான்.

ஆகவே நடு இலையை வெங்காயம், பச்சைமிளகாய், தேசிக்காய்ப்புளியோடு பச்சைச் சம்பலாக்குங்கள். கடும்பச்சை வெளியிலைக்கு லெபனான்காரரின் வழிதான் சரி. அவர்கள் ‘ஹிந்த்பே’ என்னும் சிக்கரி இலையை அவித்து, தண்ணீரைப் பிழிந்து ஊற்றிவிட்டு, ஒலிவ் எண்ணெயில் வதக்கி, பொன்னிறமாகப் பொரித்த வெங்காயத்தோடு உண்பார்கள். நான் அவித்துப் பிழிந்ததைத் தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாயும் போட்டு வறையாக்கினேன். மாசித்தூள் கொஞ்சம் சேர்த்தால் இன்னும் நல்லது. இம்முறை சட்டியில் மிச்சமில்லை.

இது எமக்கு முற்றிலும் அந்நியமுமல்ல. சித்த, யுனானி வைத்தியர்கள் சொல்லும் காசினிக் கீரை இந்தச் சாதிதான். கோப்பித்தூளில் கலக்கும் சிக்கரியும் இதே செடியின் வேரை வறுத்து அரைத்ததே; எண்டைவ் வேர் அதற்கு உதவாது. (இந்தியாவில் சிக்கரிக் கோப்பி 49 வீதம் வரை சிக்கரியாக இருக்கலாம். பக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்!)

ஒரு எச்சரிக்கை. இவ்விலைகளில் வைட்டமின் கே நிறைய உண்டு. வீட்டுப் பெரியவர் யாரேனும் இரத்தம் உறையாதிருக்க வார்பரின் குளிசை எடுப்பவராயின், திடீரென்று தினமும் இந்தக் கீரையைக் கொடுக்க வேண்டாம். குளிசையின் வேலை குறைந்துவிடும். முதலில் வைத்தியரிடம் கேளுங்கள்.