பத்தாண்டு அனுமதி: வெனிசுலா மக்களும் கொலம்பிய அரசும்

1970களில் எண்ணெய் வளத்தால் செழித்திருந்த வெனிசுலாவை நாடிக் கொலம்பியர் பெருந்தொகையினராய்ச் சென்றனர். 2015க்குப் பின்னர் அப்பயணம் திசை மாறியது. எண்ணெய் விலையின் வீழ்ச்சி, கட்டுக்கடங்காப் பணவீக்கம், உணவு மருந்துத் தட்டுப்பாடு, அரசியல் ஒடுக்குமுறை ஆகியவற்றால் 70 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வெனிசுலாவை நீங்கினர். அவர்களுள் மிகுதியானோரை ஏற்ற நாடு கொலம்பியாவே.

கொலம்பிய அரசு 2017இல் ஈராண்டுக்குரிய தங்கல் அனுமதியை அறிமுகப்படுத்தியது. ஆயின், கடவுச்சீட்டில் முத்திரை பெற்று நுழைந்தோருக்கே அது கிட்டியது. வெனிசுலாவில் கடவுச்சீட்டுப் பெறுவதோ பெரும் செலவும் நெடுங்காத்திருப்புமாய் இருந்தது. எனவே ஏழை மக்கள் ஆற்றையும் ஒற்றையடிப் பாதைகளையும் கடந்து வந்தனர். 2021இன் தொடக்கத்தில் கொலம்பியாவில் இருந்த சுமார் 17 இலட்சம் வெனிசுலா மக்களுள் பாதிக்கு மேற்பட்டோரிடம் முறையாகத் தங்குவதற்கான ஆவணம் இல்லை. ஆவணமற்றவர் முறையான வேலையில் சேர இயலாது. கூலி மறுக்கப்படினும் முறையிட அஞ்சுவார்.

இந்நிலையில், 2021 பிப்ரவரி 8 அன்று அதிபர் இவான் துகே பத்தாண்டுத் தற்காலிகப் பாதுகாப்புத் திட்டத்தை அறிவித்தார். 2021 சனவரி 31க்கு முன் வந்திருந்தோர், முத்திரையின்றி நுழைந்தவராயினும், பதிவு செய்து அடையாள அட்டை பெறலாம் என்பதே அதன் சாரம். அட்டை பெற்றோருக்கு வேலை, மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு ஆகியவற்றின் வாயில்கள் திறந்தன. இதனை வெறும் இரக்கம் எனக் கொள்வது பொருந்தாது. தன் மண்ணில் வாழ்வோர் யாவர், எங்குள்ளனர் என்பதை அறிதல் அரசுக்கும் இன்றியமையாததன்றோ?

குழந்தைகளின் நிலை இன்னும் நுட்பமானது. கொலம்பியச் சட்டப்படி, அம்மண்ணில் பிறந்த மாத்திரத்தில் குடியுரிமை வந்துவிடாது. ஆதலின் எந்நாட்டுக்கும் உரியரல்லராய் நிற்கும் இடர் சூழ்ந்திருந்த 24,000க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு 2019 ஆகஸ்டில் அரசு குடியுரிமை வழங்க முன்வந்தது.

எனினும் இத்திட்டத்திற்கு இரு எல்லைகள் உள. குறித்த நாளுக்குப் பின் முத்திரையின்றி வந்தோர் அதன் வரம்புக்குள் அடங்கார். அட்டையின் தவணையோ 2031 மே 30இல் முடிவுறும். அதற்குள் நிரந்தரக் குடியிருப்புரிமைக்கு மாறுவதற்கான வழி எளியோர்க்கும் எட்டுமாயின் இத்திட்டம் தன் நோக்கத்தை அடைந்ததாகும். எட்டாதெனில், பத்தாண்டு வேரூன்றிய குடும்பங்கள் மீண்டும் ஆவணமற்றோராய் நிற்க நேரும் என்பதை நாம் கருத்திற்கொள்ள வேண்டும்.