மாலை ஐந்து மணிக்கு மைதானத்தைப் பாருங்கள்

மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளிவரும் மே மாதத்தில்தான் பெரியகுளத்தில் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியும் நடைபெறுவது வழக்கம். சில்வர் ஜூபிலி விளையாட்டுக் கழகத்தார் பல்லாண்டுகளாக நடத்திவரும் இப்போட்டிக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் அணிகள் வருகின்றன. ஊர் திரண்டு வந்து கைதட்டுகிறது. கைதட்டிய பெற்றோரே மறுநாட்காலை மகனிடம், "கல்லூரிக்குப் போகிறாய், இனிப் பந்தைத் தொடாதே" என்று சொல்வதையும் கேட்டிருக்கிறோம். மகளிடமோ, அதைப் பள்ளிப் பருவத்திலேயே சொல்லிவிடுகிறோம்!

நம் பள்ளத்தாக்கில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி 1956-லும், பெரியகுளத்தில் ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரி 1971-லும் தொடங்கப்பெற்றன. மதுரைக்குச் சென்றால் 1881-ல் தோன்றிய அமெரிக்கன் கல்லூரி, 1948-ல் தோன்றிய லேடி டோக், 1953-ல் தோன்றிய பாத்திமா ஆகியவை உள்ளன. பாடப்பிரிவு, கட்டணம், விடுதி ஆகியவற்றை விசாரிக்கும் நாம், மைதானத்தைப் பற்றி ஏனோ வாய் திறப்பதில்லை. உடற்கல்வியும் கல்வியே என்று கருதி ஹாரி குரோ பக் என்பவர் 1920-லேயே சென்னையில் அதற்கெனத் தனிக் கல்லூரி கண்டார். நூறாண்டு கடந்தும் நமக்கு அது உறைக்கவில்லை.

என் தமையனாரின் மகள் கைப்பந்து ஆடுபவள். அவளுக்கு இடம் தேடி ஒரு கல்லூரிக்குச் சென்றோம். அலுவலகக் கண்ணாடிப் பேழை நிறையக் கோப்பைகள்! அவற்றின் ஆண்டுகளைப் படித்துப் பார்த்தால், எல்லாம் அவள் பிறப்பதற்கு முன் வென்றவை. மைதானத்தில் சீமைக்கருவேலம் தழைத்திருந்தது. இன்னொரு கல்லூரியில் கோப்பைகள் மிகச் சில. ஆயினும் மாலை ஐந்து மணிக்கு ஆடுகளம் நிரம்பியிருந்தது. ஆடத் தெரியாத மாணவியர் ஓரத்தில் அமர்ந்து தோழியரின் பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தனர். ஒரு பேராசிரியை புள்ளிக் கணக்கு எழுதினார். கல்லூரியின் உயிர்த்துடிப்பு என்பது அதுதான். எந்தக் கையேட்டிலும் அதை அச்சிட இயலாது.

மேலும் சிலவற்றை வெட்கப்படாமல் கேளுங்கள். போட்டிக்குச் சென்ற நாட்களுக்கு வருகைப் பதிவு தருவார்களா? தவறிய பாடத்தை மீண்டும் சொல்லித்தருவார்களா? பயிற்சி முடியும் நேரத்தில் ஊருக்குப் பேருந்து உண்டா? தேனியிலிருந்து கம்பம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். கடைசிக் கேள்விக்கு விடை கிடைக்காமலே விளையாட்டைக் கைவிட்ட பெண்கள் பலர். அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் பொதுக் கலந்தாய்வுக்கு முன்னரே விளையாட்டு வீரர்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்குக் கலந்தாய்வு நடைபெறுகிறது. ஆகவே பள்ளியில் பெற்ற சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள்.

தமையனார் இறுதிவரை தயங்கினார். "பெண்பிள்ளை இருட்டிய பின் வீடு திரும்புவதா?" என்பது அவர் கவலை, அதில் நியாயம் இல்லாமலில்லை. விடுதியில் சேர்த்தோம். முதல் மாதம் முழுவதும் அவர் அவளிடம் பாடங்களைப் பற்றியே விசாரித்தார். இரண்டாம் மாதம், யாரிடமும் சொல்லாமல் பேருந்து ஏறிச் சென்று, ஆடுகளத்தின் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.