பார்க்காத வீட்டுக்குப் பணம் கட்டலாமா?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். தோட்டத்தில் வாழும் நமக்கு வீட்டைக் கட்டிப் பார்க்கச் சொந்த மண் ஏது? வாங்கித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அதையும் பெரும்பாலும் தூரத்தில் இருந்துகொண்டே செய்ய வேண்டியிருக்கிறது.

பகாவ் பக்கத்துத் தோட்டத்தில் அப்பா. சிங்கப்பூரில் மகன். கிள்ளானில் கட்டிக் கொடுத்த மகள். மூவரும் பணம் சேர்த்து, சிரம்பானிலோ நீலாயிலோ ஒரு வீடு வாங்கிவிடலாம் என்று முடிவு செய்கிறார்கள். மகனுக்கு லீவு கிடைக்காது. அப்பா ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்த நாள் சம்பளம் போச்சு. அந்த நேரம் பார்த்து ஒருவர் கைப்பேசியில் நாலு படம் அனுப்புகிறார். "அண்ணே, நல்ல வீடு. மூணு பேரு கேட்டுக்கிட்டு இருக்காங்க. நாளைக்குள்ள ஆயிரம் வெள்ளி போட்டு விட்டா உங்களுக்கே புடிச்சு வச்சிடுறேன்." பணம் போய்விடுகிறது. வீடு யாருடையது, மண் எப்படிப்பட்டது என்ற விசாரணையெல்லாம் அப்புறம்தான் நடக்கிறது.

இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். முதலில் காகிதம், அடுத்து கண், கடைசியாகப் பணம். நாம் சொல்ல வருவது இவ்வளவுதான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டிய வீடு. வேலை முடிந்தால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 1990-ஆம் ஆண்டில் வந்த தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம், முதலாளி கொடுக்கும் வீடு எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அந்த வீட்டை அது நமக்குச் சொந்தமாக்கவில்லை. 1950-களிலும் 60-களிலும் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, நம்மவர்கள் வேலையோடு வீட்டையும் இழந்தார்கள். அந்த வேதனையில்தான் 1960-இல் துன் சம்பந்தன் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அன்று தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் போட்டுக் கூட்டாகத் தோட்டம் வாங்கினார்கள். பத்திரம் பார்க்கச் சங்கம் இருந்தது. இன்று வீடு வாங்குகிறவர் தனி ஆள். கையில் இருப்பதோ ஊழியர் சேமநிதிப் பணம். முப்பது வருஷம் விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் நின்று சேர்த்த பணம். அது போனால் மறுபடி சேர்க்க நமக்கு வயது இருக்காது.

முதலில் காகிதம்

வீடு எத்தனை மைல் தள்ளி இருந்தாலும் அதன் கிராண்ட் ஓர் அலுவலகத்தில் பதிவாகி இருக்கிறது. நெகிரி செம்பிலானில் அது சிரம்பானில் உள்ள மாநில நில அலுவலகமாக இருக்கும்; அல்லது அந்தந்த மாவட்ட நில அலுவலகமாக இருக்கும். விற்பவரிடம் கிராண்டின் நகலைக் கேளுங்கள். அதிலுள்ள எண்ணையும் லாட் எண்ணையும் கொண்டு நில அலுவலகத்தில் கட்டணம் கட்டினால், யார் வேண்டுமானாலும் பதிவேட்டின் விவரத்தை வாங்கலாம். கவுண்டரில் 'சாரியான் ரஸ்மி' என்று கேட்டால் போதும். நகலைக் கொடுக்கவே தயங்குகிறவரிடம் பேச்சை அதோடு நிறுத்திக் கொள்ளுங்கள்.

அந்தக் காகிதத்தில் என்ன பார்ப்பது?

முதலாவது, பெயர். விற்கிறவரின் பெயர் அதில் இருக்க வேண்டும். "எங்க அப்பா பேர்ல இருக்கு, அவரு தவறிட்டாரு" என்றால், சொத்தை வாரிசின் பெயருக்கு மாற்றும் வேலை முடியட்டும், பிறகு பேசுவோம் என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, நிலத்தின் வகை. 'பங்குனான்' என்றால் கட்டட நிலம். 'பெர்தானியான்' என்றால் விவசாய நிலம். விவசாய நிலத்தில் வரிசையாக வீடு கட்டி விற்றால் அங்கே ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

மூன்றாவது, காலம். நிரந்தர உரிமையா, குத்தகையா? 99 வருஷக் குத்தகை என்றால் இன்னும் எத்தனை வருஷம் பாக்கி என்று கணக்குப் போடுங்கள். பாக்கி குறைவாக இருந்தால் வங்கியும் கடன் கொடுக்கத் தயங்கும்.

நான்காவது, தடை. 'செக்காத்தான் கெப்பெந்திங்கான்' என்ற இடத்தில், மாநில அரசின் அனுமதி இல்லாமல் கைமாற்றக் கூடாது என்று எழுதியிருக்கலாம். மலிவு விலை வீடுகளில் இது சகஜம். அனுமதி கிடைக்கும் வரை வீடு நம் பெயருக்கு வராது.

ஐந்தாவது, கடனும் கேவியட்டும். வீடு வங்கியில் அடமானத்தில் இருக்கிறதா, வேறு யாராவது உரிமை கோரித் தடை போட்டிருக்கிறார்களா என்பதும் அதே காகிதத்தில் தெரிந்துவிடும்.

நம் மாநிலத்தில் இன்னும் ஒன்று முக்கியம். மலாய் ஒதுக்கீட்டு நிலம் என்று குறித்திருந்தால், 1913-இல் தொடங்கி நடப்பில் இருந்துவரும் சட்டப்படி அது மலாய்க்காரர் அல்லாதவர் பெயருக்கு மாறாது. கோலா பிலா, ஜெலெபு, ரெம்பாவ், தம்பின் வட்டாரங்களில் 'தானா அடாட்' என்ற வழக்காற்று நிலங்களும் உண்டு. அவை குறிப்பிட்ட மலாய்க் குலங்களில் பெண் வழியாக இறங்கும் நிலங்கள். 1909 முதல் அதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. யாரோடும் சண்டை போட வேண்டிய விஷயமில்லை இது. சட்டம் அப்படி இருக்கிறது. "தெரிஞ்ச ஆளு, பேப்பர் எழுதித் தர்றாரு" என்று அதற்குப் பணம் கொடுத்தால், கையில் மிஞ்சுவது அந்தப் பேப்பர் மட்டும்தான்.

துண்டு நிலம் என்ற வலை

"வீடு வேணாம், மண்ணை வாங்கிப் போடுவோம்" என்று நினைப்பவர்களும் உண்டு. நாலைந்து ஏக்கர் விவசாய நிலத்தில் கயிறு கட்டி, முளை அடித்து, 'லாட்' போட்டு விற்கிறார்கள். நில விதிமுறைச் சட்டப்படி விவசாய நிலத்தைப் பிரித்துத் தனித்தனிக் கிராண்ட் எடுப்பதானால், ஒவ்வொரு பங்கும் பொதுவாக 0.4 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் ஓர் ஏக்கருக்குக் குறையக் கூடாது. அப்படியிருக்க, 40-க்கு 60 அடித் துண்டுக்குத் தனிக் கிராண்ட் எங்கிருந்து வரும்? முளை அடித்த இடம் நம்முடையது என்று சொல்ல ஒரு காகிதமும் இருக்காது. தூரத்தில் இருப்பவர்கள் இதில் சுலபமாக மாட்டுகிறார்கள். படத்தில் கயிறு தெரியும், கிராண்ட் தெரியாது.

புது வீடு என்றால்

கட்டப் போகிற வீட்டைப் படம் பார்த்துத்தான் வாங்குகிறோம். அதனால்தான் சட்டம் இங்கே கொஞ்சம் கெடுபிடி செய்கிறது. 1966-ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டப்படி, வீடு கட்டி விற்கும் நிறுவனத்துக்கு லைசென்சு வேண்டும், விளம்பரத்துக்கும் விற்பனைக்கும் பெர்மிட் வேண்டும். அந்த எண்கள் விளம்பரத்தில் இருக்க வேண்டும். அவை உண்மைதானா என்று வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சில் கேட்டு அறியலாம். கணினி தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் அமைச்சின் இணையத்தளத்திலேயே பார்த்துவிடும். அந்த நிறுவனம் முன்பு எடுத்த திட்டங்களில் தாமதமானது உண்டா, கைவிடப்பட்டது உண்டா என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

முன்பதிவுப் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. லைசென்சு பெற்ற நிறுவனம் விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன் எந்தப் பெயரிலும் பணம் வாங்கக் கூடாது என்பது 1989-ஆம் ஆண்டு விதி. ஒப்பந்தம் ஆனதும் 10 விழுக்காடு. அதன் பிறகு அஸ்திவாரம், சட்டம், சுவர், கூரை என்று வேலை முடிய முடியத்தான் மீதி. மண்ணோடு கூடிய தரை வீட்டை 24 மாதத்தில் ஒப்படைக்க வேண்டும். அடுக்குமாடியானால் 36 மாதம். தாமதமானால் நிறுவனம் ஆண்டுக்கு 10 விழுக்காடு கணக்கில் நஷ்ட ஈடு தர வேண்டும். சாவி வாங்கியபின் 24 மாதம் வரை கட்டட வேலையில் குறை இருந்தால் சரி செய்து தருவதும் அவர்கள் பொறுப்பு. தகராறு வந்தால் வீடு வாங்குவோர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரை அங்கே வழக்குப் போடலாம். லாயர் வேண்டியதில்லை. ஆனால் லைசென்சு இல்லாதவனிடம் வாங்கியவருக்கு அந்த மன்றத்தின் கதவு திறக்காது.

பழைய வீடு என்றால்

வீடு பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்டு, வாரியத்தில் பதிந்த ஏஜெண்டாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அவருக்குக் கீழ் பதிந்த ஆளாக இருக்க வேண்டும். 1981-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அடையாள அட்டையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். அட்டையில் உள்ள எண்ணை வாரியத்திடம் கேட்டுச் சரிபாருங்கள். பணத்தை எவருடைய சொந்தக் கணக்கிலும் போடாதீர்கள். பதிந்த ஏஜெண்டு கம்பெனியின் வாடிக்கையாளர் கணக்கிலோ லாயரின் வாடிக்கையாளர் கணக்கிலோ போட்டு ரசீது வாங்குங்கள். விற்பவரின் லாயரே நமக்கும் இருக்கட்டும் என்றால் செலவு குறையலாம். நம் பக்கம் பேச ஆள் இருக்காது. நமக்கென்று தனி லாயர் வைப்பதுதான் நல்லது.

கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். நாள் சம்பளக்காரர்களுக்கு வங்கி எளிதில் தலையாட்டாது. சம்பளச் சீட்டையும் சேமநிதிக் கணக்கறிக்கையையும் எடுத்துக்கொண்டு முதலில் வங்கிக்குப் போய், எவ்வளவு தேறும் என்று கேட்டுவிட்டு வீடு தேடுங்கள். 2024 மே மாதம் முதல் சேமநிதி மூன்று கணக்காகப் பிரிந்திருக்கிறது. வீட்டுக்கு எடுக்கக் கூடியது 'செஜாத்ரா' கணக்கில் இருப்பதுதான். மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு வீட்டின் விலையைப் பேசிவிடாதீர்கள்.

அடுத்து கண்

காகிதம் சரியாக இருந்தாலும் யாராவது ஒருவர் அங்கே போய் நிற்க வேண்டும். நம்மால் முடியாவிட்டால் மைத்துனரோ சித்தப்பாவோ போகட்டும். விற்பவருக்கு வேண்டியவர் போகக் கூடாது. அனுப்பி வைத்த படத்தை நம்பாமல், நம் ஆள் அங்கே நின்றுகொண்டு நம்மைக் கூப்பிடட்டும். ரோட்டு முனையிலிருந்து பின்பக்கச் சந்து வரை கைப்பேசியில் காட்டிக்கொண்டே நடக்கட்டும். குழாயைத் திறந்து பார்க்கட்டும். கதவு நிலையில் கரையான் இருக்கிறதா, கூரை ஒழுகிய கறை தெரிகிறதா என்று பார்க்கட்டும்.

நல்ல மழை பெய்த மறுநாள் போனால் இன்னும் நல்லது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் மூழ்கியதை நாடே பார்த்தது. பக்கத்து வீட்டு அம்மாவிடம், "இங்க தண்ணி ஏறுமா அக்கா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். எந்த ஏஜெண்டும் சொல்லாத பதில் கிடைக்கும். காலை ஐந்து மணிக்கு பஸ் உண்டா, தமிழ்ப்பள்ளி எவ்வளவு தூரம், கிளினிக் எங்கே என்பதையும் அவரிடமே கேட்கலாம். நில வரி, மதிப்பீட்டு வரி, தண்ணீர் பில், மின்சார பில் எல்லாவற்றிலும் பாக்கி இருக்கிறதா என்று கடைசி ரசீதுகளைக் கேட்டு வாங்குங்கள்.

கையெழுத்து, கைநாட்டு

தூரத்தில் இருப்பவர்களிடம், "அதிகாரப் பத்திரம் ஒண்ணு போட்டுக் குடுத்துடுங்க, மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்பார்கள். வேண்டாம். ஒப்பந்தத்தைத் தபாலில் வரவழைத்து, நாம் இருக்கும் ஊரிலேயே ஒரு லாயர் முன்னிலையில் கையெழுத்துப் போட வழி இருக்கிறது. நிலம் கைமாறும் 14ஏ பாரத்தை வெறுமையாக விட்டு ஒருபோதும் கையெழுத்திடாதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா கைநாட்டு வைப்பதானால், ஒவ்வொரு பக்கத்தையும் தமிழில் சொல்லிவிட்டுத்தான் விரலில் மை தடவ வேண்டும்.

யார் பெயரில் வீடு என்பதையும் முன்கூட்டியே பேசி விடுங்கள். அப்பாவின் சேமநிதியும் மகனின் சம்பளமும் போகிற வீட்டில், இருவர் பெயரும் கிராண்டில் இருப்பது நியாயம். மகன் தூரத்தில் இருக்கிறான், அவனுக்குத் தெரியாது என்று விட்டால், பிற்பாடு அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை அறுந்து போகும்.

இதையெல்லாம் பார்க்க ஒரு மாதம் ஆகலாம். அதற்குள் அந்த வீடு வேறொருவருக்குப் போகலாம். போகட்டும். நீலாயிலும் சிரம்பானிலும் வீட்டுக்குப் பஞ்சமில்லை. நம்முடைய ஆயிரம் வெள்ளிக்குத்தான் பஞ்சம். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக இருக்கும்போது அது பாதி மாதத்து உழைப்புக்கும் மேலே.

கிராண்டோ ஒப்பந்தமோ படித்துப் புரியவில்லை என்றால் தோட்டத்துக் கமிட்டித் தலைவரிடம் காட்டுங்கள். இல்லாவிட்டால் கிளை அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். எந்த நில அலுவலகத்துக்குப் போவது, யாரிடம் கேட்பது என்று சொல்ல நாம் இருக்கிறோம். ஒன்றே ஒன்று: பணம் கட்டுவதற்கு முன்னால் வாருங்கள். கட்டிவிட்டு வந்தால் ரசீதைப் பார்த்து வருத்தப்படத்தான் நம்மால் முடியும்.