பென்டியம் 4: கைவேகமும் காரியமும்

வீட்டிலிருக்கும் பழைய பென்டியம் 4 கணினி 3 கிகாஹெர்ட்ஸ். மகள் வாங்கிய மடிக்கணினி 2-ஐக்கூடத் தொடவில்லை. பிறகு எப்படி அது இதை முந்துகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

அந்த எண் செயலியின் துடிப்பை மட்டுமே சொல்கிறது. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பது வேறு கணக்கு. 2000 நவம்பரில் 1.4, 1.5 கிகாஹெர்ட்ஸில் பென்டியம் 4 வந்தபோது, சில வேலைகளில் 1 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-யே அதை முந்தியது.

பென்டியம் 3-இல் 10 கட்டங்களாக இருந்த பைப்லைனை, அதாவது கட்டளைகளைப் படிப்படியாக முடிக்கும் வரிசையை, இன்டெல் 20 ஆக்கியிருந்தது. எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பூரி போட்டதைப் பார்த்தபோதுதான் இதன் சங்கடம் எனக்குப் பிடிபட்டது. உருட்ட, தேய்க்க, பொரிக்க என்று ஆளுக்கொரு வேலையாகப் பிரித்தால் எல்லார் கையும் வேகமாக ஓடும். ஆனால் அடுத்த பந்தி பூரிதான் கேட்கும் என்று ஊகித்துப் போட்டுக்கொண்டிருக்கையில் இட்லி கேட்டுவிட்டால், வரிசையில் இருப்பதெல்லாம் வீண். செயலியும் நிரல் அடுத்து எந்தக் கிளைக்குத் திரும்பும் என்று ஊகித்தே ஓடுகிறது. வரிசை நீள நீள, தப்பிய ஊகத்தின் நட்டமும் நீளும்.

என்னைக் கவர்ந்த விநோதம் இன்னொன்று. அந்த 20 கட்டங்களில் இரண்டு எதையும் கணக்கிடுவதில்லை! சில்லின் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சமிக்ஞை போய்ச் சேர நேரம் பிடிப்பதால், பயணத்துக்கென்றே ஒதுக்கப்பட்டவை அவை. பெயரே ‘டிரைவ்’. அதே சில்லில் எளிய கூட்டல் கழித்தல் பகுதி மட்டும் இரட்டை வேகத்தில், 1.5 கிகாஹெர்ட்ஸ் செயலியில் 3 கிகாஹெர்ட்ஸில் ஓடியது. கூட்டுகிற இடம் பறக்கும். கொண்டுபோகும் வழி காத்திருக்கும்.

2004-இல் வந்த பென்டியம் 4-இன் பிரெஸ்காட் ரகத்தில் கட்டங்கள் 31 ஆயின. மின்கசிவும் சூடும் கூடி, உயர்ரகங்களின் வெப்ப அளவு 115 வாட்டைத் தொட்டது. 4 கிகாஹெர்ட்ஸ் வரும் என்றார்கள். அந்த அக்டோபரில் கைவிட்டார்கள். நிறுவனத் தலைவர் கிரெய்க் பாரெட் மேடையில் வேடிக்கையாக மண்டியிட்டு மன்னிப்பே கேட்டார். 3.8-உடன் அந்த ஓட்டம் நின்றது.

பொறியாளர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கடையில் நாம் கேட்டதும் விளம்பரம் கத்தியதும் அந்த ஒற்றை எண்ணைத்தானே? போட்டி நிறுவனமான ஏஎம்டி, தன் 1.53 கிகாஹெர்ட்ஸ் செயலிக்கு ‘1800+’ என்று பெயர் சூட்ட வேண்டியதாயிற்று.

ஒரு துடிப்பில் அதிக வேலை முடிப்பதற்கான விடை இன்டெலுக்குள்ளேயே இருந்தது. இஸ்ரேலின் ஹைஃபாவில் மடிக்கணினிக்காக வடிவமைத்த பென்டியம் எம் வழியில், 2006-இல் கோர் 2 வந்தது. அதில் 1.86 கிகாஹெர்ட்ஸ், 65 வாட் ரகமே பழைய 3.8-ஐப் பின்னுக்குத் தள்ளியது.

இப்போது கைபேசிக் கடைகளில் அதேபோல் கோர்களின் (ஒரே சில்லில் உள்ள செயலிகளின்) எண்ணிக்கையைக் காட்டி விற்கிறார்கள். வாங்கும் முன் நீங்கள் அன்றாடம் செய்யும் வேலையை அதில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.